போர்க்காலத்தில் செய்தி நையாண்டி எழுதுவது எப்படி: அடிபட்டவன் சொல்லும் வழிமுறை

போர் தொடங்கிய நான்காம் நாள் ஒரு நையாண்டிக் கட்டுரை எழுதினேன். தலைப்பு: "போர் நிறுத்தத்தை ஞாயிறு இரவு வரை தள்ளிவைக்க வேண்டும்: செய்தித் தொலைக்காட்சிகள் கோரிக்கை". வார இறுதி விளம்பர நேரம் ஏற்கெனவே விற்றுத் தீர்ந்துவிட்டது என்று கோரிக்கைக்குக் காரணமும் சொல்லியிருந்தேன். எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. மறுநாள் மாலை அந்தத் தலைப்பும் முதல் பத்தியும் மட்டும் வெட்டப்பட்டு, என் பெயர் இல்லாமல், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே வந்து இறங்கின. அனுப்பியவர் சித்தப்பா. "இவர்கள் லட்சணத்தைப் பாருங்கள்" என்று மேலே ஒரு வரி வேறு. "சித்தப்பா, அது நான் எழுதிய கிண்டல்" என்றேன். "அப்படியா? உனக்கு இந்த விஷயம் யார் மூலமாகத் தெரிந்தது?" என்று கேட்டார்.

அடுத்த பத்து நாட்கள் விளக்கம் சொல்வதிலேயே போயின. ஒரு சரிபார்ப்புத் தளம் அதற்குப் 'போலிச் செய்தி' என்று முத்திரை குத்தியது. முன்பின் தெரியாதவர்கள் நான் எந்த நாட்டிடம் காசு வாங்கினேன் என்று கேட்டார்கள். இரண்டு நாட்டின் பெயரையும் சொன்னார்கள் என்பதுதான் ஒரே ஆறுதல்.

எந்தப் போர் என்பது இங்கே தேவையில்லை. ஸ்டூடியோக்கள் எல்லாப் போரிலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. நான் பட்ட பாட்டை நீங்களும் பட வேண்டாம் என்பதற்காக, இப்போது நான் பின்பற்றும் வரிசையை அப்படியே தருகிறேன்.

1. யாரை அடிக்கப் போகிறீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள்

எழுதத் தொடங்கும் முன் ஒரு தாளில் "இந்தக் கட்டுரை சிரிப்பது ____ பார்த்து" என்று எழுதி, கோடிட்ட இடத்தை நிரப்புங்கள். நிரப்ப முடியவில்லை என்றால் எழுத வேண்டாம். "எல்லாரையும் பார்த்து" என்று நிரப்பினாலும் வேண்டாம்.

அந்த இடத்தில் வரக்கூடியவர்கள் நான்கு வகை. ஒன்று, சொற்களைத் தயாரித்துக் கொடுக்கும் அதிகாரப்பூர்வ வாய். இரண்டு, அதை வாங்கி இன்னும் இரண்டு மடங்காக ஊதும் தொலைக்காட்சி. மூன்று, ஓய்வுபெற்ற பிறகுதான் போர்க்குணம் வந்த விவாத மேடை வல்லுநர்கள். நான்கு, சோபாவில் சாய்ந்துகொண்டு "இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருக்கலாம்" என்று சொல்லும் நாம். நான்காவது வகையில் எழுதினால் பகிர்வு குறைவாக வரும். எனக்குப் பிடித்தது அதுதான்.

வரக் கூடாதவர்கள்: இறந்தவர்கள், காயம்பட்டவர்கள், வீட்டை விட்டு ஓடுகிறவர்கள், சிப்பாயின் குடும்பம், எதிரி நாட்டு மக்கள். கடைசி ஆள்தான் பொறி. எதிரி நாட்டு மக்களின் உணவு, உடை, மதம், ஆங்கிலம் இவற்றைக் கிண்டல் செய்தால் உங்களுக்கு ஆயிரக்கணக்கில் கைதட்டல் கிடைக்கும். அது நையாண்டி இல்லை, சம்பளம் வாங்காமல் செய்யும் பிரச்சார வேலை. உங்கள் கடைசிப் பத்துக் கட்டுரைகளை எடுத்துப் பாருங்கள். பத்தும் எல்லைக்கு அந்தப் பக்கமே பாய்ந்திருந்தால், அவற்றை அமைச்சகமே எழுதியிருக்கலாமே!

இன்னொரு எச்சரிக்கை. எளிதான இலக்கு கிடைத்தால் சந்தேகப்படுங்கள். 2003 ஏப்ரலில் அமெரிக்க டாங்கிகள் பாக்தாத்துக்குள் நுழைந்திருந்தபோது, அப்படி எதுவும் இல்லவே இல்லை என்று பத்திரிகையாளர்களிடம் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார் இராக்கின் தகவல் அமைச்சர் முகமது சயீத் அல்-சகாப். உலகமே அவரைப் பார்த்துச் சிரித்தது. இராக்கிடம் இருப்பதாகவும் அந்தப் போருக்கே காரணமாகவும் சொல்லப்பட்ட பேரழிவு ஆயுதங்களைப் பற்றி, அமெரிக்கத் தரப்பில் நல்ல கோட்டும் நல்ல தாடையும் வைத்திருந்தவர்கள் அமைதியான குரலில் பேசியபோது அந்த அளவுக்குச் சிரிப்பு எழவில்லை. அந்த ஆயுதங்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. நியூயார்க் டைம்ஸ் இதுபற்றிய தன் செய்திகள் சிலவற்றில் போதிய கடுமை இல்லாமல் போனது என்று ஆசிரியர் குறிப்பு வெளியிட்டது 2004 மே 26 அன்று. படையெடுப்பு தொடங்கி 14 மாதம் ஆகியிருந்தது. கத்திப் பொய் சொல்கிறவனை யார் வேண்டுமானாலும் பிடிப்பார்கள். நீங்கள் காது கொடுக்க வேண்டியது மெதுவாகப் பேசுகிறவனுக்கு.

2. முதல் 48 மணி நேரம் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். 

போரின் முதல் செய்தி பெரும்பாலும் பாதிதான் உண்மை. சில சமயம் பாதிகூட இல்லை. ரஷ்யா உக்ரைனுக்குள் படையெடுத்த 2022 பிப்ரவரி 24 அன்று, கருங்கடலின் பாம்புத் தீவில் இருந்த உக்ரைன் வீரர்கள் எல்லோரும் வீரமரணம் அடைந்துவிட்டார்கள் என்று அந்நாட்டு அதிபரே அறிவித்தார். சில நாட்களில் அவர்கள் உயிரோடு சிறைபிடிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. அதே ஆண்டு நவம்பர் 15 அன்று போலந்தின் பிசெவோடூவ் கிராமத்தில் ஏவுகணை விழுந்து இருவர் இறந்தபோது, ரஷ்ய ஏவுகணைகள் எல்லை தாண்டிவிட்டதாக அசோசியேட்டட் பிரஸ் பெயர் சொல்லாத ஓர் அதிகாரியை ஆதாரமாக வைத்துச் செய்தி தந்தது. மறுநாளே திருத்த வேண்டியதாயிற்று. இந்த இரண்டு செய்திகளையும் நம்பி முதல் மணி நேரத்தில் ஒரு கிண்டல் எழுதியிருந்தால் உங்கள் நிலைமை என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். செய்தி நிறுவனம் திருத்தம் போட்டு நகர்ந்துவிடும். திருத்தம் போட்ட நகைச்சுவையை யாராவது படித்ததுண்டா?

நான் வைத்திருக்கும் கணக்கு இது. முதல் 48 மணி நேரம் சேகரிப்பு மட்டும். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை எழுதும் காலம்: பொய் உடைந்திருக்கும், மக்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். ஏழு நாள் தாண்டினால் ஸ்டூடியோ வேறு விஷயத்துக்குப் போயிருக்கும். நீங்கள் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று முதல் இரண்டு பத்தியில் விளக்க வேண்டிவரும். இறுதிச் சடங்குகள் நடக்கும் நாளில் எதுவும் வெளியிடாதீர்கள். கட்டுரை சவப்பெட்டியைப் பற்றியே இல்லாவிட்டாலும், படிப்பவர் கண்ணில் அன்று வேறு எதுவும் தெரியாது.

கொடுமை பற்றிய குற்றச்சாட்டுகளுக்கு இந்தக் கணக்கும் போதாது. இராக் குவைத்தைப் பிடித்து வைத்திருந்த 1990 அக்டோபரில் நாயிரா என்ற பெயரில் ஒரு குவைத் பெண், இராக் படையினர் இன்குபேட்டரிலிருந்து குழந்தைகளை எடுத்து வெளியே போட்டதைக் கண்ணால் பார்த்ததாக அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் குழு ஒன்றின் முன் அழுதுகொண்டே சொன்னார். அவர் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்பது 1992 ஜனவரியில்தான் வெளியே வந்தது. 1991 வளைகுடாப் போர் அதற்குள் முடிந்திருந்தது. இதைப் படித்துவிட்டு 'அப்படியானால் கொடுமைச் செய்தி எல்லாமே பொய்' என்ற முடிவுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அது இன்னும் மோசமான இடம். உண்மையான கொடுமையும் போரில் நடக்கிறது, முதல் நாளில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். நமக்கு அங்கே வேலை இல்லை. விலகி நில்லுங்கள்.

3. கோப்பு போடுங்கள், எழுதுவது அப்புறம்

நையாண்டிக்கு எதற்கு ஆவணம் என்று கேட்காதீர்கள். உங்களை யாராவது இழுத்தால், "அவர்கள் சொன்னதைத்தான் கிண்டல் செய்தேன்" என்பதுதான் உங்கள் முதல் பதில். அவர்கள் சொன்னதற்கு ஆதாரம் உங்களிடம் இருக்க வேண்டும். ஆனால் போர்க்காலத்தில் காணொளிகள் காணாமல் போகும் வேகம் சாதாரண நாட்களைப் போல இல்லை. இரவு பதினொரு மணிக்கு ஒரு நகரத்தையே பிடித்த தொலைக்காட்சி, காலை ஏழு மணிக்கு அந்தக் காணொளியை நீக்கிவிட்டுச் சமையல் நிகழ்ச்சி போடும்.

இந்தியா-பாகிஸ்தான் மோதலின் 2025 மே 8 இரவை நினைத்துப் பாருங்கள். கராச்சி துறைமுகம் அழிந்தது, இஸ்லாமாபாத் வீழ்ந்தது என்று இந்தியச் செய்தி அலைவரிசைகள் சில முழங்கின. விடிந்தபோது இரண்டும் அதே இடத்தில் இருந்தன. அன்றிரவு பதிவு செய்து வைத்தவர்களிடம் மட்டும்தான் முழு வாக்கியங்கள் இருந்தன. மற்றவர்கள் "ஏதோ சொன்னார்களே" என்று எழுத வேண்டியிருந்தது.

ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு தனிக் கோப்புறை வையுங்கள். பெயரில் முதலில் தேதி, அப்புறம் அலைவரிசை, அப்புறம் விஷயம். அதற்குள் போக வேண்டியவை:

- நிகழ்ச்சியின் இணைப்பு, எத்தனையாவது நிமிடம் எத்தனையாவது நொடி என்ற குறிப்போடு.
- அதே பக்கத்தை வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்தில் சேமித்த இணைப்பு. சில நிமிட வேலை, இலவசம். காணொளி இதில் பெரும்பாலும் சேமிக்கப்படாது, பக்கத்தின் எழுத்து மட்டுமே நிற்கும். காணொளிக்குத் திரைப்பதிவு தேவை.
- தேதியும் நேரமும் தெரியும் ஸ்கிரீன்ஷாட்.
- நெறியாளர் சொன்ன சொற்கள், நீங்களே கேட்டுத் தட்டச்சு செய்தது. தானாக வரும் எழுத்துரையை நம்ப வேண்டாம், அது 'தாக்கவில்லை' என்பதைத் 'தாக்கி' என்று போட்டு எனக்கு ஒருமுறை கதையையே மாற்றியது.
- மறுப்போ திருத்தமோ வந்திருந்தால் அது.
- உங்கள் வரைவுகள் எல்லாம், தேதியோடு. கேலி செய்யும் நோக்கத்தில்தான் எழுதினீர்கள் என்பதைக் காட்ட இதைவிட நல்ல சான்று இல்லை.

ஒரு கட்டுரைக்கு இந்த வேலை ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். அலுப்பான வேலைதான்.

4. எதை வைத்துச் சிரிப்பது

புதிதாக எழுதுகிறவர்கள் கற்பனையில் தொடங்குகிறார்கள். வேண்டாம், சொற்களில் தொடங்குங்கள். போர்க்காலத்தில் அரசுகள் உருவாக்கும் சொற்களுக்கு முன்னால் நம் கற்பனை ஒன்றுமே இல்லை.

ஒரு நோட்டில் அந்தச் சொற்களைச் சேருங்கள். 2022 ஏப்ரலில் ரஷ்யாவின் மாஸ்க்வா போர்க்கப்பல் மூழ்கியபோது, தீப்பிடித்தது, வெடிமருந்து வெடித்தது, இழுத்துச் செல்லும்போது கடல் கொந்தளிப்பில் மூழ்கியது என்று ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் சொன்னது. எதிரி என்ற ஆளே அந்தக் கதையில் இல்லை. அதே ஆண்டு ஜூன் 30 அன்று பாம்புத் தீவிலிருந்து வெளியேறியதற்கு அவர்கள் வைத்த பெயர் 'நல்லெண்ண நடவடிக்கை'. செப்டம்பரில் உக்ரைனின் கார்கிவ் பகுதியிலிருந்து விலகியது 'மறு அணிவகுப்பு'. குண்டுவெடிப்பு என்று சொல்ல மனம் வராதபோது ரஷ்யச் செய்திகளில் 'கைதட்டல்' என்று பொருள்படும் ஒரு சொல் வரும். எல்லாப் படைகளிடமும் இப்படி ஒரு அகராதி உண்டு. பொதுமக்கள் சாவை மறைக்கும் 'பக்கச் சேதம்' (கொலாட்டரல் டேமேஜ்) என்பது எந்த நாட்டுச் சொல் என்று உங்களுக்கே தெரியும்.

சொல் கிடைத்ததும் அதை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். "மாமியாரோடு நடந்த பேச்சுவார்த்தைக்குப் பிறகு, நல்லெண்ண நடவடிக்கையாக டிவி ரிமோட்டிலிருந்து வெளியேறினேன். சமையலறையில் மறு அணிவகுப்பு நடந்துகொண்டிருக்கிறது." இதில் யாரையும் திட்டவில்லை. ஆனால் படித்தவர் அடுத்த முறை அந்தச் சொல்லைச் செய்தியில் கேட்கும்போது அவருக்கு ரிமோட்தான் ஞாபகம் வரும். நையாண்டியால் அதிகபட்சம் முடிவது அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்து, தமிழ்ச் செய்தியின் வினைமுற்றுகள். 'கூறப்படுகிறது', 'தெரிகிறது', 'நம்பப்படுகிறது', 'தகவல்கள் வெளியாகியுள்ளன'. யார் கூறினார், யாருக்குத் தெரிகிறது, எங்கிருந்து வெளியானது? எழுவாய் இல்லாமலே ஒரு போரை நடத்தி முடிக்க நம் மொழியில் வசதி இருக்கிறது. இன்னும் கூர்ந்து பார்த்தால், நம் பக்கத்தார் 'வீரமரணம் அடைந்தனர்', அந்தப் பக்கத்தார் 'கொல்லப்பட்டனர்', நாம் போட்ட குண்டில் செத்த பொதுமக்கள் 'உயிரிழந்தனர்', என்னமோ வயதாகிப் போனதுபோல. ஒரே நாள் நாளிதழை எடுத்துச் சாவுக்கு எத்தனை வினைச்சொல் என்று வண்ணப் பேனாவால் வட்டமிடுங்கள். கட்டுரை தானாக வரும்.

மூன்றாவது, சுருங்கும் எண்கள். 1991 பிப்ரவரியில், வளைகுடாப் போரின்போது, அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணைகள் எதிர்கொண்ட இராக்கின் 42 ஸ்கட் ஏவுகணைகளில் 41ஐ இடைமறித்துவிட்டன என்று அமெரிக்க அதிபர் மூத்த புஷ் பேட்ரியாட் தயாரிக்கும் தொழிற்சாலைக்கே போய்ச் சொன்னார். அப்புறம் ராணுவம் சவுதியில் 80 சதவீதம், இஸ்ரேலில் 50 சதவீதம் என்றது. அப்புறம் 70, 40 என்று இறங்கியது. இப்படி ஒரு எண்ணைப் பிடித்து, அது மெலிந்துகொண்டே போவதைத் தேதியோடு அடுக்கினால் நீங்கள் நகைச்சுவை எதுவும் சேர்க்க வேண்டாம். எண்ணே சிரிக்க வைக்கும்.

நான்காவது நம் வீட்டுச் சரக்கு, வஞ்சப் புகழ்ச்சி. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போன ஔவை, அவன் காட்டிய படைக்கலக் கொட்டிலைப் பார்த்து என்ன செய்தார்? திட்டவில்லை. உங்கள் ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி எவ்வளவு அழகாக இருக்கின்றன. எங்கள் அரசனுடையவை பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார். அவ்வளவுதான். புறநானூற்றில் 95ஆம் பாட்டு. போர் மூளவிருந்த நேரத்தில் பகை அரசனின் கொட்டிலிலேயே நின்று இதைச் சொல்லிவிட்டுத் தலையோடு திரும்பி வருவதற்கு எவ்வளவு சாமர்த்தியம் வேண்டும்! நீங்களும் நெறியாளரைத் திட்டாதீர்கள். அவருடைய மேசை வரைபடத்தைப் புகழுங்கள். மேலே நகரும் பொம்மை டாங்கிகளில் ஒரு கீறல்கூட இல்லை என்று வியந்து பாராட்டுங்கள்.

5. எங்கே வெட்டினாலும் பொய் என்று தெரிய வேண்டும்

இதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான படி. என் கட்டுரை தவறாகப் போனதற்குக் காரணம் அது மோசமாக எழுதப்பட்டது இல்லை. அது நம்பும்படி இருந்தது. தொலைக்காட்சிகள் போர் நிறுத்தத்தைத் தள்ளிவைக்கக் கேட்கும் என்பதை நம்ப சித்தப்பாவுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. தப்பு சித்தப்பாவுடையதா, என்னுடையதா, தொலைக்காட்சிகளுடையதா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சித்தப்பாவை விடுங்கள். நையாண்டித் தளமான தி ஆனியன், வட கொரியாவின் கிம் ஜாங் உன்னை 2012ஆம் ஆண்டின் மிகக் கவர்ச்சியான ஆண் என்று அறிவித்தபோது, சீனாவின் பீப்பிள்ஸ் டெய்லி இணையப் பதிப்பு அதை உண்மைச் செய்தியாக எடுத்து 55 படங்களோடு வெளியிட்டது. அதே ஆண்டு ஈரானின் பார்ஸ் செய்தி நிறுவனமும் அதே தளத்தின் இன்னொரு கிண்டலை அப்படியே போட்டது. போர் நேரம்கூட இல்லை அது.

ஆகவே ஒரு சோதனை செய்யுங்கள். தலைப்பை மட்டும் தனியாக வெட்டுங்கள். முதல் பத்தியை மட்டும் வெட்டுங்கள். படத்தை மட்டும் வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டையும் அவசரமாகப் படிக்கும் உறவினர் ஒருவருக்கு விளக்கம் இல்லாமல் அனுப்புங்கள். ஒருவர் "நிஜமா?" என்று கேட்டாலே அந்தத் துண்டைத் திருப்பி எழுதுங்கள். நடக்க முடியாத ஒன்று ஒவ்வொரு துண்டிலும் இருக்க வேண்டும். உயிரில்லாத பொருளைப் பேச வைப்பது எனக்குக் கைகொடுத்த வழி. இப்போது எழுதுவதாக இருந்தால் அந்தத் தலைப்பை இப்படித்தான் வைப்பேன்: "போர் நிறுத்தத்தை எதிர்த்து ஸ்டூடியோ மேசையின் பொம்மை டாங்கிகள் உண்ணாவிரதம்". சித்தப்பாவும் இதை நம்ப மாட்டார் என்று நம்புகிறேன்.

'நையாண்டி' என்ற முத்திரையைத் தலைப்புக்குள்ளேயே வையுங்கள். பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் போடுவது வீண், அடியை யாரும் பார்ப்பதில்லை. தனிக் கணக்கு நடத்தினால் தளத்தின் விதியையும் பாருங்கள்: எக்ஸ் தளத்தில் பகடிக் கணக்குகள் தங்கள் பெயரின் தொடக்கத்திலேயே அதைச் சொல்ல வேண்டும் என்று 2025 ஏப்ரலில் விதி வந்தது. முத்திரை போட்டால் நகைச்சுவை போய்விடும் என்று சிலர் வாதிடுகிறார்கள். முத்திரை போட்டால் சாகிற நகைச்சுவை முத்திரை இல்லாமலும் அதிக நாள் வாழாது.

6. படம்: வரைந்தால் பிழைப்பீர்கள்

உண்மையான அலைவரிசையின் சின்னம், எழுத்துரு, சிவப்புப் பட்டை எதையும் போலச் செய்யாதீர்கள். உண்மையான போர்ப் படத்தின் மேல் எழுத்து போடாதீர்கள், அதில் யாருடைய வீடோ இருக்கிறது. செயற்கை நுண்ணறிவில் நிஜம்போல் தெரியும் வெடிப்புக் காட்சி உருவாக்கவே உருவாக்காதீர்கள். நாளைக்கு அது உங்கள் கட்டுரையை விட்டுவிட்டுத் தனியாக ஊர் சுற்றும்.

கணினி விளையாட்டுக் காட்சிகளும் அப்படித்தான் சுற்றின. 2022இல் 'கீவ் நகரின் ஆவி' என்ற போர் விமானியின் சாகசமாகப் பரவிய காணொளி ஒரு விமான விளையாட்டிலிருந்து வந்தது. அந்த விமானி மக்கள் உருவாக்கிய கற்பனை நாயகன் என்று உக்ரைன் விமானப்படையே ஏப்ரல் இறுதியில் சொல்லிவிட்டது. ஆர்மா 3 விளையாட்டை உருவாக்கிய பொஹீமியா இன்டராக்டிவ், தங்கள் விளையாட்டின் காட்சிகளை நிஜப் போர் என்று பரப்புகிறார்கள் என்று அந்த ஆண்டு நவம்பரில் அறிக்கையே விட்டது. எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் சொன்னது: மங்கலான தரம், ஆடும் கேமரா, இருட்டு, ஒலி இல்லாமை, நடமாடும் மனிதர்கள் இல்லாமை. இந்த ஐந்தையும் ஸ்டூடியோவின் 'எக்ஸ்குளூசிவ்' காட்சியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு. நீங்கள் கிண்டல் செய்யப்போகும் காட்சியையும் படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸிலோ டின்ஐயிலோ ஒருமுறை போட்டுத் தேடிவிடுங்கள். ஐந்து நிமிடம்.

கோட்டுச் சித்திரம் போதும். கோணலாக இருந்தால் இன்னும் நல்லது.

7. சட்டம்: வெளியிடும் முன் ஒரு மாலை ஒதுக்குங்கள்

நான் வழக்கறிஞன் இல்லை. போர்க்காலத்தில் சட்டம் வாரத்துக்கு வாரம் மாறும் என்பது மட்டும் அனுபவத்தில் தெரிந்தது. ரஷ்யா 2022 மார்ச்சில், படை குறித்த 'பொய்த் தகவலுக்கு' 15 ஆண்டு வரை சிறை என்று சில நாட்களில் சட்டம் கொண்டுவந்தது. இஸ்ரேலில் ராணுவத் தணிக்கை நிரந்தரமாகவே இருக்கிறது. இந்தியாவில் 2025 ஏப்ரல் 26 அன்று, பாதுகாப்பு நடவடிக்கைகளை நேரலையில் காட்டக் கூடாது என்று ஊடகங்களுக்கு அறிவுறுத்தல் வந்தது. அடுத்த மாதம் இன்னொன்று: நிகழ்ச்சிகளில் வான்தாக்குதல் சைரன் ஒலியைப் பயன்படுத்தாதீர்கள், மக்கள் நிஜ சைரனையே பொருட்படுத்தாமல் போய்விடுவார்கள் என்று. நையாண்டி எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அந்த அறிவுறுத்தல் உங்கள் காணொளிக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சைரனைக் கேலி செய்ய சைரனையே ஒலிக்க விடாதீர்கள்.

பார்க்க வேண்டியவை மூன்று. படை நடமாட்டம், ஏவுகணை விழுந்த இடம், ஊர்ப் பெயர் ஏதாவது உங்கள் கிண்டலில் இருக்கிறதா? இருந்தால் எடுத்துவிடுங்கள், விளையாட்டுக்காகச் சொன்னேன் என்பது அங்கே செல்லாது. உயிருள்ள ஒருவரின் வாயில் அவர் சொல்லாததை மேற்கோள் குறிக்குள் வைத்திருக்கிறீர்களா? அதை ஒரு கற்பனைப் பாத்திரத்துக்கு மாற்றுங்கள். உங்கள் நாட்டில் வதந்தி, பகைமை தூண்டல், அரசுக்கு எதிரான செயல் பற்றிய பிரிவுகள் என்ன சொல்கின்றன? இந்த மூன்றாவதற்கு மட்டும் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரை முன்கூட்டியே பிடித்து வையுங்கள். வம்பு வந்த இரவில் தேடினால் யாரும் போனை எடுக்க மாட்டார்கள். எனக்கு எடுக்கவில்லை.

கேலிச்சித்திரத்துக்குப் போர்கூடத் தேவையில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். 2025 பிப்ரவரியில் ஒரே ஒரு கேலிச்சித்திரத்துக்காக விகடன் இணையதளம் முழுவதுமே முடக்கப்பட்டது. மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் படத்தைத் தற்காலிகமாக நீக்கச் சொல்லித் தளத்தைத் திறக்க வழிசெய்தது. அவர்களுக்கு நூறாண்டுப் பெயரும் வழக்கறிஞர்களும் இருந்தார்கள். உங்களுக்கும் எனக்கும் கோப்புறை மட்டும்தான்.

8. செலவு

பணமாகப் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுமில்லை. காப்பகம், படத் தேடல், திரைப்பதிவு எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. வழக்கறிஞரின் ஆலோசனைக் கட்டணம் ஒன்றுதான் நிஜச் செலவு.

நேரம்தான் போகும். 600 சொல் கட்டுரைக்கு எனக்கு ஆறேழு மணி நேரம்: சேகரிப்பு ஒன்றரை, சரிபார்ப்பு ஒன்று, எழுத்து இரண்டு, வெட்டுச் சோதனையும் திருத்தமும் ஒன்றரை, படம் கால் மணியிலிருந்து ஒரு மணி. இதற்கு மேல் ஓர் இரவு கிடப்பில் போடுங்கள். காலையில் சிரிப்பு வராத வரியை நீக்கிவிடுங்கள். கோபமாக இருக்கும் வரியையும் நீக்குங்கள், அதைக் கட்டுரையாகத் தனியே எழுதலாம்.

இன்னொரு செலவு உண்டு. நாளைக்கு ஐந்து மணி நேரம் போர்த் தொலைக்காட்சி பார்த்தால் மனம் கெட்டுப்போகும். நான் அரை மணி நேரம், அதுவும் மறு ஒளிபரப்பு மட்டும் பார்க்கிறேன். நேரலையில் எதுவும் நஷ்டமில்லை, அவர்கள் எப்படியும் பத்து முறை திருப்பிப் போடுவார்கள்.

9. வெளியிட்ட பிறகு

காலையில் வெளியிடுங்கள். இரவு வெளியிட்டுவிட்டுத் தூங்கப் போனால், விடிவதற்குள் அது எங்கே போயிருக்கும் என்று தெரியாது. முதல் நான்கு மணி நேரம் கைப்பேசி பக்கத்தில் இருக்கட்டும்.

யாராவது நிஜம் என்று நம்பிப் பகிர்வது தெரிந்தால் வாதாடாதீர்கள். மூலப் பதிவின் மேலேயே "இது நையாண்டி, உண்மைச் செய்தி அல்ல" என்று எழுதி நிலைநிறுத்துங்கள். பகிர்ந்தவரைக் கேலி செய்யாதீர்கள், அவர் உங்கள் எழுத்தை நம்பிய ஒரே குற்றத்தைத்தான் செய்தார். சரிபார்ப்புத் தளம் கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் பதில் அனுப்புங்கள்: மூல இணைப்பு, வெளியிட்ட நேரம், முத்திரை இருக்கும் ஸ்கிரீன்ஷாட். நான் மானப் பிரச்சினை என்று இரண்டு நாள் பதில் சொல்லாமல் இருந்தேன். அந்த இரண்டு நாளில்தான் 'போலிச் செய்தி' முத்திரை விழுந்தது. பதில் போயிருந்தால் 'நையாண்டி' என்று போட்டிருப்பார்கள்.

உங்கள் கட்டுரையில் நிஜமான பிழை இருந்தால், அதாவது நீங்கள் கேலி செய்த வாக்கியத்தை அவர்கள் சொல்லவே இல்லை என்று தெரிந்தால், கட்டுரையை நீக்கிவிட்டு ஏன் நீக்கினேன் என்று இரண்டு வரி போடுங்கள். திருத்தமே போடாத தொலைக்காட்சியைக் கிண்டல் செய்துவிட்டு நாமும் சத்தமில்லாமல் நீக்கினால் எப்படி?

அப்புறம் ஒரு சின்ன விஷயம். படத்துக்குள்ளேயே தேதியைப் போடுங்கள், ஓரத்தில் இல்லை, நடுவில். போர் முடிந்தாலும் ஃபார்வர்ட் முடிவதில்லை. என் முதல் கட்டுரையைப் போன மாதம் சித்தப்பா குழுவில் மறுபடியும் அனுப்பினார். இந்த முறை மேலே இப்படி எழுதியிருந்தார்: "பழைய செய்திதான், ஆனால் உண்மை."